சோட்டைத்தீன் சோறாகும்போது

காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்குச் செல்லும் வீதியில் சற்று நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடை, எண்ணெய் வைத்து வாரிய தலை, முதுகில் புத்தகப்பை, கையில் ஒரு மினுங்கும் பைக்கற். மதிலை ஒட்டிய கடையில் அதை வாங்கி, பாடசாலை வாயிலைத் தாண்டுவதற்கு முன்பே பாதியைத் தின்று முடித்துவிடுகிறார்கள். வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "தேத்தண்ணி" என்பதே பலரின் மறுமொழி. அந்தப் பிள்ளையின் காலை உணவு அன்று சீனி போட்ட தேநீரும், மாவில் பொரித்து உப்பும் சுவையூட்டியும் தூவிய ஒரு பிடி பொரியலும்தான். அடுத்த நேரச் சாப்பாடு பாடசாலை விட்டு வீடு திரும்பிய பின்பு, இரண்டு மணியளவில்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் "சோட்டைத்தீன்" என்று ஒரு சொல் உண்டு. சோட்டை என்றால் ஆசை, வாய் ஊறுதல். பசிக்காக அல்லாமல் ஆசைக்காகத் தின்பது சோட்டைத்தீன். மலையகத்தில் இதையே நொறுக்குத்தீனி என்பார்கள். அந்தச் சொல்லிலேயே அதன் அளவும் இடமும் இருந்தன. அது சாப்பாட்டுக்கு இடையில் வருவது, கொஞ்சமாக வருவது, திருவிழாவுக்கோ சந்தைக்கோ போய்வரும் பெரியவர்கள் மடியில் கட்டிக் கொண்டுவருவது. இன்று அது சாப்பாட்டின் இடத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டுள்ளது. தீங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்த இடமாற்றத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஒரு பைக்கற் மிக்சர் தின்ற பிள்ளை அதனால் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஒரு பைக்கற் மிக்சர் தின்றதால் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்ட பிள்ளையைப் பற்றித்தான் இங்கு பேசுகிறோம்.

எப்படி வந்தது?

கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. பாண் என்ற சொல்லைத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். எனினும் மாவும் பாணும் ஏழைவீட்டு அன்றாட உணவானது அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்பு, இறக்குமதி மாவு மலிவாகவும் பங்கீட்டு முறையிலும் கிடைத்த காலத்தில்தான். 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியதும், வெளிநாட்டுக் கோதுமை இங்கேயே அரைபட்டு நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்றது. தோட்டங்களில் லயத்து அடுப்பில் ரொட்டி நிலைபெற்றுவிட்டது. இன்று கிராமக் கடையில் தொங்கும் பைக்கற்றுகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் இதே வெள்ளை மாவின் பிள்ளைகள்தான்: பிஸ்கற், பணிஸ், நூடில்ஸ், பொரித்த சிறுதீன்.

வடக்கின் கதை சற்று வேறு. 1990களில் பொருளாதாரத் தடையினால் கடைகளில் சீனியும் மாவும் அரிதாகவும் தங்கவிலையிலும் இருந்தன. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்ததும், ஒடியற்கூழும் மரவள்ளிக் கிழங்குமே பசியாற்றியதும் எமது நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எவரும் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள், மருந்தின்றி இறந்தார்கள். ஆனால் 2002இல் ஏ-9 வீதி திறந்தபோதும், பின்னர் 2009இல் போர் முடிந்து பாதைகள் முழுமையாகத் திறந்தபோதும், மக்களுக்கு முன்னே பால்மா வந்த அதே லொறியில் பைக்கற்றும் சோடாவும் வந்தன. தெற்கிலே மெல்ல மெல்ல நடந்த ஒரு மாற்றம் எமது கிராமங்களில் ஒரு சில ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது. இல்லாமையில் வளர்ந்த தாய்தந்தையர், தமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதை அன்பின் அடையாளமாகக் கொண்டார்கள். அதை எப்படிக் குறை சொல்வது?

பின்பு முச்சக்கரவண்டி வெதுப்பகமும் வாசலுக்கே வந்தது. பீத்தோவன் என்ற ஜேர்மனிய இசைமேதை பியானோவுக்காக எழுதிய மெட்டொன்று, இன்று எமது ஒழுங்கைகளில் "பணிஸ் வருகிறது" என்பதற்கான அறிவிப்பாகிவிட்டது. கைக்குழந்தைகூட அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டு கையை நீட்டுகிறது.

2022இன் நெருக்கடி இதை இன்னொரு பக்கமாகத் தள்ளியது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மீனும் முட்டையும் பால்மாவும் எட்டாத விலை. சமைக்காமல் பசியை அடக்கக்கூடிய மலிவான பொருள் எது என்று பார்த்தால், அது பைக்கற்றாகவே இருந்தது. பணக்காரரின் பழக்கம் என்று நாம் நினைத்திருந்த ஒன்று வறுமையின் உணவாக மாறியது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

பைக்கற்றுக்குள் என்ன?

விலையுயர்ந்த ஒன்றும் இல்லை. வெள்ளை மா அல்லது மாச்சத்து, எண்ணெய், சீனி, உப்பு, நிறம், மணம், சுவையூட்டி. இவற்றுள் முதல் நான்கும் எமது அடுப்படியிலும் உள்ளவையே. அவை சேரும் அளவிலும், அவற்றோடு சேராமல் விடப்பட்டவற்றிலுமே வேறுபாடு இருக்கிறது. நாரும் புரதமும் இரும்பும் விற்றமின்களும் பெரும்பாலும் விடப்பட்டவை.

சீனியின் கணக்கை முதலில் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்கு மேற்படக் கூடாது. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. அதாவது மட்டமான தேக்கரண்டியால் ஐந்து அல்லது ஆறு. பிள்ளைக்கு இதனிலும் குறைவு. இப்போது 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள ஒரு சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரை லீற்றர்ப் போத்தலில் 50 கிராம். விளையாட்டுப் போட்டி முடிந்து களைத்துவரும் பையன் ஒரே மூச்சில் குடித்து முடிப்பது பத்துத் தேக்கரண்டி சீனி. ஒரு கிண்ணத் தண்ணீரில் பத்துக் கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்தால் அவனே முகத்தைச் சுளிப்பான். சோடாவில் உள்ள புளிப்பும் குளிரும் வாயுவும் அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன.

இதற்காகவே இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இட வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் இந்தக் குறி விரிவாக்கப்பட்டது. நல்ல சட்டம். ஆயினும் ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். மேலே நாம் கணக்குப் பார்த்த பத்துக் கரண்டிச் சோடா சிவப்பு அல்ல, செம்மஞ்சள்! எல்லைக்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றாலும் செம்மஞ்சள்தான். நிறத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அருகில் எழுதியிருக்கும் எண்ணையும் பார்த்து, போத்தலின் முழு அளவால் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு நல்ல கணக்குப் பயிற்சி.

உப்பில் வேறொரு மயக்கம் உண்டு. பல பைக்கற்றுகளில் உப்பு என்று எழுதாமல் "சோடியம்" என்று மில்லிகிராமில் எழுதியிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு விதிக்கும் எல்லை 5 கிராமுக்குள். உடனடி நூடில்ஸ் பைக்கற்றுடன் வரும் சுவைத்தூளைச் சிக்கனமில்லாமல் முழுவதும் கொட்டினால், ஒரே நேரத்தில் அந்த எல்லையின் பெரும்பகுதி முடிந்துவிடும். கருவாடும் சம்பலும் ஊறுகாயும் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

கொழுப்பைப் பொறுத்தவரை, மாஜரினிலும் பேக்கரிக் கொழுப்பிலும் இருந்துவந்த "ட்ரான்ஸ்" வகைக் கொழுப்பே மிகக் கொடியது. தீய கொலஸ்ரோலைக் கூட்டி நல்ல கொலஸ்ரோலைக் குறைப்பது அது. தொழிற்சாலைகளில் உண்டாகும் இந்தக் கொழுப்பை 2023க்குள் உணவிலிருந்து நீக்கும்படி 2018இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளைக் கேட்டது. இலங்கையும் 2022இல் அதற்கான ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. ஆனால் சந்தியில் காலை தொடக்கம் இரவுவரை அதே தாச்சியில் கறுத்துக் கொதிக்கும் எண்ணெய்க்கு எந்த லேபலும் இல்லை. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் உடலுக்கு ஆகாத பொருட்கள் உண்டாகின்றன. அந்தத் தாச்சியில் பொரித்த ரோல்ஸ் எங்களிடம் வருவது எவரோ ஒரு மாணவனின் பழைய சோதனைத்தாளில் சுற்றப்பட்டு. மையும் எண்ணெயும் கலந்த அந்தத் தாளில் அவன் எடுத்த புள்ளிகளைப் படித்துக்கொண்டே நாம் சாப்பிடுகிறோம்.

உடலுக்குள் நடப்பது

வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குச் சென்றுசேரச் சற்று நேரம் எடுக்கும். மென்று விழுங்க வேண்டிய உணவு அந்த நேரத்தைக் கொடுக்கிறது. குரக்கன் பிட்டையோ தவிட்டுச் சோற்றையோ அவசரமாகத் தின்ன முடியாது. வாயில் வைத்தவுடன் கரையும் தீனுக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. இருபது பேரை வைத்தியசாலையில் தங்கவைத்து, இரு வாரம் தொழிற்சாலை உணவும் இரு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். இரு உணவுகளிலும் பரிமாறிய சீனி, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை சமமாகவே அமைக்கப்பட்டன. விரும்பிய அளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு கிடைத்தபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரு வாரத்தில் எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். உணவின் அமைப்பே அவர்களை அதிகம் உண்ணவைத்தது.

சீனி வயிற்றைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி குளுக்கோசு, மறு பாதி பிரக்டோசு. குளுக்கோசை உடலின் எல்லா உறுப்புகளும் பயன்படுத்தும். பிரக்டோசின் பெரும்பகுதி ஈரலின் தலையில் விழுகிறது. வயலில் மண்வெட்டி பிடிப்பவருக்கு அது எரிந்து போகலாம். வெட்டியாக இருப்பவரின் ஈரல் மேலதிகத்தைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. மதுவைத் தொட்டறியாத தாய்மாருக்கு "ஈரலில் கொழுப்பு" என்று ஸ்கான் அறிக்கை வரும்போது குடும்பமே திகைக்கிறது. ராகமையில் 2007இல் நடுத்தர வயதினரிடையே செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நிலை இருந்தது. அவர்களுக்கு மது காரணமல்ல.

இரத்தத்தில் சீனி ஏறும்போதெல்லாம் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருந்தால் அதற்கு ஓய்வே இல்லை. ஈரலிலும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்பு சேரச்சேர உடல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஒரு காலத்தில் களைத்துப்போகிறது. அதுவே சலரோகத்தின் வாசற்படி. பற்களைப் பொறுத்தவரை அளவைவிடத் தடவைகளே முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்டபின்பும் அரைமணி நேரமளவில் பல்லின் மேல் அமிலம் வேலை செய்கிறது. ஒரே நேரத்தில் ஒரு துண்டு கேக் தின்னும் பிள்ளையை விட, நாள் முழுவதும் ரொபியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் பிள்ளையின் பல்லே முதலில் சூத்தையாகும்.

மெலிந்த உடலும் சலரோகமும்

"எங்கள் பிள்ளை ஒல்லி. கொஞ்சம் கொழுத்தால் நல்லதுதானே" என்று தாய்மார் சொல்வதுண்டு. குண்டானவர்களுக்கே இந்த நோய்கள் வரும் என்ற எண்ணம் எமது மக்களிடம் ஆழ வேரூன்றியுள்ளது. எமது உடலமைப்புக்கு இது பொருந்தாது.

2004இல் "லான்செற்" என்ற மருத்துவ ஏட்டில் இரு வைத்தியர்களின் படம் வெளியானது. ஒருவர் இந்தியாவின் பூனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்றிணிவுச் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கும் இருவரும் மெலிந்தவர்களே. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் 21.2. தென்னாசியரின் தோலுக்கடியிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது, தசை குறைவு. தராசு இதைச் சொல்லாது. வைத்தியர் யாஜ்னிக் பூனேயின் கிராமப்புறங்களில் பிறந்த குழந்தைகளிடத்திலேயே இதைக் கண்டிருந்தார்: எடை குறைந்த குழந்தை, ஆனால் ஒப்பளவில் கொழுப்பு மிகுந்த உடல். தாயின் வயிற்றில் பசித்திருந்த பிள்ளையின் உடல், கிடைப்பதைச் சேமித்து வைக்கவே பழகிக்கொள்கிறது. அவ்வாறு பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால் சலரோகமும் இருதய நோயும் மற்றவர்களைவிட எளிதில் வந்து சேர்கின்றன.

இலங்கையில் 2016இல் நடந்த குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 பேர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். நுவரெலியா மாவட்டத்தில் உயரம் குன்றியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். மறுபக்கத்தில், 2005-2006இல் வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சலரோகம் என்று கணிக்கப்பட்டது. போர் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அந்தக் கணிப்பில் சேரவில்லை. 2018-2019இல் நாடளாவிய மற்றோர் ஆய்வில் அது நூற்றுக்கு 23 ஆக இருந்தது. இரு ஆய்வுகளின் முறைகளும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் சலரோகத்துக்கு மாத்திரை இருக்கிறது என்பது எமது கண்களுக்கே தெரிகிறது. தொற்றா நோய்களே இலங்கையில் நூற்றுக்கு 83 மரணங்களுக்குக் காரணம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டது.

இவை இரண்டும் வெவ்வேறு வீடுகளில் நடப்பவை அல்ல. வளர்ச்சிக் கோடு சிவப்பை நோக்கி இறங்கும் பேரப்பிள்ளையும், காலில் ஆறாத புண்ணோடு கிளினிக் போய்வரும் அம்மம்மாவும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். ஒரே பைக்கற் பிஸ்கற்றை இருவரும் பகிர்ந்து உண்கிறார்கள். பிள்ளைக்கு அது சத்தான சாப்பாட்டைத் தட்டிப்பறிக்கிறது, அம்மம்மாவுக்குச் சீனியை ஏற்றுகிறது.

கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"காலமை பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"சோறு, புட்டு ஒண்டும் வாயில வைக்கிறானில்லை மிஸ். பிஸ்கற் எண்டா மட்டும் தின்னுவான். ஒண்டும் இல்லாததுக்கு அதெண்டாலும் வயித்துக்க போகட்டும் எண்டு குடுக்கிறன்."

"எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்?"

"எழும்பின உடனே ரெண்டு. பிறகு அழ அழ ஒவ்வொண்டு."

சோறு வெறுக்கும் பிள்ளை என்று ஒன்று பிறப்பதில்லை. எழுந்தவுடன் இரண்டு, அழும்போது ஒவ்வொன்று என்று போனால் சோற்று நேரத்தில் அவனுக்குப் பசி இல்லை. பசி இல்லாதபடியால் சோறு வேண்டாம், சோறு உண்ணாதபடியால் மறுபடி பிஸ்கற். இந்தச் சுற்றை உடைக்கப் பல வீடுகளில் மூன்று நான்கு நாட்கள் போதும். அந்த நாட்களில் பிள்ளை அழும். அம்மம்மாவும் அப்பப்பாவும் அந்த அழுகையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் தேற்றுவதைவிட அது கடினமான காரியம்.

அம்மாவை மட்டும் குறை கூறலாமா?

இவ்விடயத்தில் சுகாதாரக் கருத்தரங்குகள் பெரும்பாலும் தாய்மாரை இருத்திவைத்துப் புத்தி சொல்வதோடு முடிந்துவிடுகின்றன. ஆடைத் தொழிற்சாலையின் பஸ் அதிகாலையில் சந்திக்கு வருகிறது. கொழுந்து பறிக்கப் போகிறவர் பிரட்டுக்கு நேரத்துக்கு நிற்க வேண்டும். கணவரை இழந்து, நுண்கடன் தவணைக்காகக் கூலிவேலைக்குப் போகிற பெண்ணிடம், விடியுமுன் எழுந்து மூன்று வகைக் கறியோடு சோறாக்கிக் கட்டிக்கொடு என்று சொல்வதற்கு எவருக்கும் வாய் வரக்கூடாது. பைக்கற் விற்பனையாவது அது சுவையாக இருப்பதனால் மட்டுமல்ல. அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது, விறகை மிச்சப்படுத்துகிறது, கழுவப் பாத்திரம் வைப்பதில்லை. அதற்குப் பதிலாக நாம் சொல்லும் உணவும் அந்த அளவு இலகுவாக இருந்தாலொழிய எமது அறிவுரை செவிடன் காதில் ஊதிய சங்காகும்.

அப்படி இலகுவானவை எமது ஊர்களில் இல்லாமலில்லை. முதல்நாள் இரவே ஊறப்போட்ட கடலையையோ கௌப்பியையோ பயறையோ காலையில் அவித்துத் தேங்காய்ப்பூ தூவினால் ஒரு டப்பா நிறையும். ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். வீட்டுக்கோழி இடும் முட்டைகளைக் கடைக்கு விற்று அந்தக் காசில் பிள்ளைக்கு பைக்கற் வாங்கும் வீடுகளும் உண்டு, என்ன வியாபாரம் இது! எள்ளுருண்டை, கச்சான், புழுக்கொடியல், அவித்த பனங்கிழங்கு, வற்றாளைக் கிழங்கு, பலாக்கொட்டை. பருவத்துக்குக் கொய்யா, விளாம்பழம், நாவற்பழம். கச்சான் பூஞ்சணம் பிடிக்காததாக இருக்க வேண்டும். கசப்பு, கறுப்புப் பட்டதைத் துப்பிவிடப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். அதில் உண்டாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசாங்கம் இலவசமாகத் தரும் திரிபோஷா 1973இலிருந்து வருகிறது. சில வீடுகளில் அது ஆட்டுக்கும் கோழிக்கும் போகிறது. அதே வீட்டில் தொலைக்காட்சியில் கண்ட "வளர்த்தி மா" அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது.

"பாரம்பரியம்" என்றவுடன் எல்லாம் நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. ஆறிய எண்ணெயில் மறுபடி பொரித்த வடை வீட்டில் சுட்டாலும் அதே வடைதான். முறுக்கும் உப்பும் எண்ணெயும் நிறைந்தது. எல்லாவற்றிலும் பெரிய சோட்டை எமது தேநீர்க் கோப்பையில் இருக்கிறது. மூன்று கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் பதினைந்து கரண்டி. ஒரு பைக்கற்றும் தொடாத முதியவர் இந்த வழியிலேயே எல்லையைக் கடந்துவிடுகிறார். அத்துடன், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விடுவதில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இரத்தசோகையுள்ள பெண்பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும் எமது வழக்கத்தையும் ஒருமுறை மீட்டிப் பார்க்கலாம். சலரோகத்துக்குக் கால்விரல் எடுத்தவரைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போகும்போதும் கையில் ஒரு கிறீம் பிஸ்கற் பெட்டி, ஒரு போத்தல் சோடா, ஒரு மோல்ற் மா! வெறுங்கையோடு போவது மரியாதை அல்ல என்பது சரிதான். நாலு இளநீரோ, ஒரு சீப்புக் கதலியோ, தோட்டத்துக் கீரைக்கட்டோ கொண்டுபோவதற்கு நாம் வெட்கப்படுகிறோம். கதலியும் அளவோடுதான் என்பதை அவரது வைத்தியர் சொல்வார். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் எந்த நோய்க்குறியும் இல்லாவிட்டாலும், அரச வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்தச் சீனியையும் அழுத்தத்தையும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். அங்கு வருபவர்களில் ஆண்கள் குறைவு. வேலி கட்டவும் வலை இழுக்கவும் முடிகிற தமக்கு என்ன நோய் என்று நினைக்கிறார்கள்.

பாடசாலைக் கன்ரீன்

இனிப்பு, மென்பானம், பொரித்த சிறுதீன் போன்றவற்றைப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. பல பாடசாலைகளில் அந்தச் சுற்றறிக்கை கோவைக்குள் பத்திரமாக இருக்கிறது. காரணம் தேடிப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. சிற்றுண்டிச்சாலை கேள்விப்பத்திரம் மூலம் கொடுக்கப்படுகிறது. கூடிய வாடகை கேட்பவருக்கே அது போகிறது. அவித்த கடலையும் இலைக்கஞ்சியும் விற்று அந்த வாடகையைக் கட்ட முடியாது. அதிக இலாபம் தருவதும் பழுதடையாததும் பைக்கற்தான். வாடகைப் பணத்தில் பாடசாலை தண்ணீர்த் தொட்டி கட்டுகிறது, விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. அதாவது, பிள்ளைகளின் சோட்டையிலிருந்தே பாடசாலையின் செலவுக்கும் ஒரு பங்கு வருகிறது.

இதை மாற்றும் அதிகாரம் கொழும்பில் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் அங்கத்தவர்கள். வாடகையைக் குறைத்து, விற்க வேண்டிய பொருட்களின் பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதி, கிராமத்து மாதர் சங்கத்துக்கோ இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்த குழுவுக்கோ கொடுக்கும்படி ஆண்டுக் கூட்டத்தில் கேட்கலாம். அப்படிச் செய்தால் கடலையும் கௌப்பியும் உழுந்தும் விளைவித்த ஊரவரின் கைக்கே அந்தக் காசு திரும்பும். இன்று ஒரு பாடசாலையின் முந்நூறு பிள்ளைகள் நாளுக்கு ஐம்பது ரூபா வீதம் பைக்கற்றுக்குக் கொடுத்தால் பதினையாயிரம் ரூபா. கடைக்காரரின் சிறு பங்கு போக மீதி லொறி ஏறி ஊரை விட்டுப் போகிறது.

வாடகை குறைவதால் வரும் பற்றாக்குறையை எப்படி நிரப்புவது என்று அதிபர் கேட்பார். அது நியாயமான கேள்வி. கூட்டத்துக்குப் போகுமுன் அதற்கொரு பதிலைத் தயார்செய்துகொண்டு போங்கள்: ஒரு சிரமதானமோ, சந்தையில் ஒருநாள் விற்பனையோ, பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோளோ. 2024 மார்ச் முதல் முதலாந் தரத்திலிருந்து ஐந்தாந் தரம்வரை அனைத்துப் பிள்ளைகளுக்கும் அரசாங்கப் பாடசாலை உணவு விரிவாக்கப்பட்டுள்ளது. அதைச் சமைப்பவர்களும் பெரும்பாலும் எமது ஊர்த் தாய்மாரே. அவர்களின் அடுப்பு ஏற்கனவே எரிகிறது. ஆறாந் தரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதே அடுப்பில் நியாயமான விலைக்கு ஒரு கோப்பை இலைக்கஞ்சியோ ஒரு கிண்ணம் கடலையோ தயாரிக்க முடியுமா என்று முதலில் அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.